சிவப்புப் பாறை நாட்டில் ஆர்வியில் 16 இரவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் 2024 செப்டம்பரில் 25 அடி நீள மோட்டார்ஹோம் ஒன்றை (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி, சுருக்கமாக ஆர்வி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சிவப்புப் பாறைப் பூங்காக்களைச் சுற்றி வந்தோம். வந்த நாளிலிருந்து உறவுக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், கோயிலில் பார்ப்பவர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எந்த வழியாகப் போனீர்கள்?

லாஸ் வேகாஸில் வண்டி எடுத்தோம். அங்கிருந்து சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிட்டல் ரீஃப். பிறகு மோவாப் ஊரை ஒட்டியுள்ள ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ். இந்த ஐந்தும் தேசியப் பூங்காக்கள். அப்புறம் தெற்கே இறங்கி மானுமென்ட் வேலி, பேஜ் வழியாகத் திரும்பவும் லாஸ் வேகாஸ். மொத்தம் ஏறக்குறைய 1,200 மைல். சயான், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப் மூன்றிலும் மும்மூன்று இரவு, மோவாப் பக்கம் நான்கு, மானுமென்ட் வேலியில் இரண்டு, பேஜில் ஒன்று.

எங்களுக்கு எட்டு நாள்தான் லீவு. ஐந்து தேசியப் பூங்காவையும் பார்த்துவிட முடியுமா?

பார்க்கலாம், கண்ணாடி வழியாக. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கார் ஓட்டுவதுபோல இந்த வண்டியை ஓட்ட முடியாது. கூகுள் இரண்டு மணி நேரம் என்று சொன்னால் நமக்கு மூன்று ஆகும். ஓரிடத்தில் போய் நின்றால் வண்டியைச் சமமாக நிறுத்த, கரண்ட் மாட்ட, தண்ணீர் பிடிக்க அரை மணி நேரம். கிளம்பும்போது இன்னொரு அரை மணி.

எட்டு நாள் என்றால் சயான், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோவாப் பக்கத்தை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் முதலில் வெட்டுவது கேப்பிட்டல் ரீஃபைத்தான், பெயர் அவ்வளவாகத் தெரியாததால். என்னைக் கேட்டால் அதை மட்டும் வெட்டவே கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஹோட்டலும் வாடகைக் காரும் போதுமே, ஆர்வி எதற்கு?

பணம் மிச்சமாகும் என்று நினைத்து எடுக்க வேண்டாம். மிச்சமாகாது. ஒரு நாள் வாடகை, அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் கட்டணம், ஜெனரேட்டர் ஓடும் மணிக்குக் கட்டணம், பாத்திரம் படுக்கைக்குக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று சேர்ந்துகொண்டே போகும். பெட்ரோல் ஒரு கேலனுக்கு ஒன்பது மைல் கொடுத்தால் நல்ல வண்டி. 1,200 மைலுக்கு 130 கேலனுக்கு மேல் ஊற்றியிருக்கிறோம்.

நாங்கள் எடுத்தது ஒரே காரணத்துக்காக: பூங்காவுக்கு உள்ளேயே இரவு தங்க. இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆர்வி எடுத்துவிட்டு ஊருக்குள் நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் முகாமில் நிறுத்துவதற்கு ஹோட்டலே மேல்.

ஆர்ச்சஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டெவில்ஸ் கார்டன் முகாம், வாசலிலிருந்து 18 மைல் உள்ளே, சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது. மொத்தம் 51 இடம்தான். பகலில் நிறுத்த இடம் கிடைக்காமல் வண்டிகள் வட்டமடிக்கும். இருட்டத் தொடங்கியதும் எல்லோரும் மோவாப்புக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாறைகளோடு இருப்பது நாமும் பக்கத்து வண்டிக்காரர்களும் மட்டும். காலையில் ஃபிளாஸ்க்கில் காபியை ஊற்றிக்கொண்டு, டார்ச் பிடித்து, லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்ற கல் வளைவுக்கு நடந்தோம். 300 அடிக்கு மேல் நீண்டு, நடுவில் மெலிந்து, ஒரு கல் நாடாபோலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1991இல் அதன் அடிப்பக்கத்திலிருந்து 60 அடி நீளப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன்பின் அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். விழுந்த துண்டுகள் இன்னும் கீழே கிடக்கின்றன. நாங்கள் போய் நின்றபோது அங்கே வேறு யாரும் இல்லை. வெயில் முதலில் வளைவின் மேல் விளிம்பைத் தொட்டு, சாம்பலாக இருந்த கல் செங்கல் நிறத்துக்கு வந்தது. இவர் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அரை மணி நேரத்துக்காக மொத்தப் பணத்தையும் கொடுத்ததாக நான் வைத்துக்கொள்கிறேன்.

ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்களைச் சாதாரணக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். 25 அடிக்கு மேல் மட்டும் போகாதீர்கள். இருவருக்கு அதுவே தாராளம். பூங்காக்களில் நீளக் கட்டுப்பாடு பல இடத்தில் உண்டு. கேன்யன்லேண்ட்ஸின் வில்லோ ஃபிளாட் முகாமில் 28 அடிதான் உச்சம். பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரியாக வைத்துக்கொண்டு, முதல் நாள் ஒரு காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்கள்.

தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்?

பயணத்தின் கடிவாளமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் டேங்க் 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர். வீட்டில் ஒருவர் ஷவரில் நின்றாலே அதில் பாதி போய்விடும். வண்டியில் இருவர் அதை வைத்து மூன்று நாள் ஓட்டினோம். உடம்பை நனைத்துக் குழாயை மூடு, சோப்புப் போடு, திறந்து அலம்பு. ஆளுக்கு எட்டு லிட்டருக்குள் குளியல் முடிந்துவிடும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவளுக்கு இது புதிதில்லை. சுடுதண்ணீர் வரும்வரை விழும் பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்து, கழிப்பறைக்கு ஊற்றினோம். அரிசி கழுவிய தண்ணீரில் தட்டின் முதல் அலசல். தட்டைக் கழுவும் முன் காகிதத்தால் வழித்துவிட்டால் பாதித் தண்ணீர் போதும்.

குடிக்கும் தண்ணீரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாகக் கேன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும், தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது அங்கே ரேஞ்சர்கள், அதாவது பூங்காக் காவலர்கள், எல்லோரும் சொல்கிற அளவு.

எங்கே தண்ணீர் கிடைக்காது என்பதை முன்பே தெரிந்து வையுங்கள். வில்லோ ஃபிளாட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பக்கத்திலுள்ள டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவில் கரண்ட் உண்டு, ஆனால் அங்கே தண்ணீரையே லாரியில்தான் கொண்டுவருகிறார்கள். ஆர்வி டேங்கை நிரப்ப விடமாட்டார்கள். மோவாப் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு மேலே ஏறுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிவறை டேங்கை யார் காலி செய்வது?

நாம்தான். கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் கேட்கிற கேள்விதான். கழிவுக்கு இரண்டு டேங்க். குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஒன்றில், கழிப்பறையுடையது இன்னொன்றில். முகாமில் டம்ப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருக்கும். தரையில் மூடி போட்ட குழி, பக்கத்தில் கழுவுவதற்குக் குழாய். கையுறை போட்டு, பெரிய குழாயை வண்டியிலும் குழியிலும் இறுக்கமாக மாட்டி, கழிப்பறை டேங்கை முதலில் திறக்க வேண்டும். அது முழுக்க வடிந்தபின் சோப்புத் தண்ணீர் டேங்க். அந்தத் தண்ணீரே குழாயை அலசிவிடும். வரிசையை மாற்றிச் செய்தால் குழாயைக் கழுவுவது பெரும்பாடு. நிதானமாகச் செய்தால் பத்தே நிமிடம்.

இரண்டு விஷயம். கழிப்பறை டேங்கை எப்போதும் மூடியே வைத்து, முக்கால்வாசி நிறைந்தபின் திறங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் அடியில் இறுகிவிடும். அடுத்தது, நம் வழக்கப்படி கழுவிக்கொள்கிறவர்களுக்கு டேங்க் சீக்கிரம் நிறையும். அதற்கேற்ப ஒரு நாள் குறைத்துக் கணக்குப் போடுங்கள். சயான், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப் முகாம்களில் டம்ப் ஸ்டேஷன் உண்டு. டெவில்ஸ் கார்டனில் கிடையாது.

சயானில் சுரங்கப்பாதை பிரச்சினை என்கிறார்களே?

சயானின் கிழக்கு வாசலுக்குப் போகும் வழியில் மலையைக் குடைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. 1.1 மைல் நீளம், 1930இல் திறந்தது. அந்தக் காலத்துக் கார்களுக்கு அளந்து வெட்டியது. பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் தங்கள் பாதையிலேயே போனால் கூரை இடிக்கும். நாங்கள் போனபோது 15 டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்க வண்டிகளை ரேஞ்சர்கள் நிறுத்திவைத்து, நம்மைச் சுரங்கத்தின் நடுவில் ஓட்டவிட்டார்கள். 2026இல் அந்த ஏற்பாடு முடிகிறது. 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டிய வண்டிகள் அந்தச் சாலையை விட்டுச் சுற்றித்தான் போக வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் 25 அடி வண்டிகள் அநேகமாக இந்த அளவைத் தாண்டியவை. ஆகவே சயானிலிருந்து பிரைஸுக்கு மேற்குப் பக்கமாக வெளியேறிச் சுற்றுவதற்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சயானுக்குள் வண்டியே தேவையில்லை. வாட்ச்மேன் முகாமில் நிறுத்திவிட்டால் இலவச ஷட்டில் பஸ்தான் எல்லா இடத்துக்கும். 2000இலிருந்து ஓடுகிறது. ஷட்டில் ஓடும் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டிக்கு அனுமதி கிடையாது. அதனால்தான் அங்கே ஆற்றின் சத்தம் காதில் விழுகிறது.

பாறை ஏன் இவ்வளவு சிவப்பு?

இரும்பு. மணலின் ஒவ்வொரு துகள் மேலும் துருவின் மெல்லிய பூச்சு. அவ்வளவுதான் காரணம், ஆனால் அதன் கதை பெரிது.

சயானின் செங்குத்துச் சுவர்கள் ஒருகாலத்தில் மணல் மேடுகள். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெரும் பாலைவனம் இருந்தது. காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொட்டி மேடாக்கியது. அது அடுக்கடுக்காகப் புதைந்து, இறுகி, கல்லானது. சில இடங்களில் 2,000 அடி கனம். பக்கத்தில் போய்ப் பாருங்கள். பாறையில் சாய்வான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேறு வேறு திசையில் சாய்ந்து ஓடும். ஒவ்வொரு சாய்வும் அன்று காற்று அடித்த பக்கத்தைக் காட்டுகிறது. சுவரின் மேற்பகுதி வெளுத்திருப்பது, நிலத்தடி நீர் அந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு போய்விட்டதால்.

நான் பிறந்தது திருச்செந்தூர் பக்கம். எங்கள் தேரிக்காட்டு மணலும் இதே நிறம், இதே காரணம்: காற்று குவித்த மணல், மேலே இரும்பின் துரு. சயானில் ஒரு பாறை இடுக்கில் உதிர்ந்து கிடந்த மணலைக் கையில் அள்ளியபோது, சின்ன வயதில் பனங்காட்டுக்குள் நடந்து கால் முழுக்கச் சிவந்து வீட்டுக்குப் போனது நினைவு வந்தது. எங்கள் தேரி இன்னும் மணலாக இருக்கிறது, அது கல்லாகிவிட்டது. இவர் சேலத்துக்காரர், அவருக்கு அது வெறும் சிவப்பு மணல். எனக்கு அப்படி இல்லை.

பிரைஸின் கல் வேறு. அது ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டு பழைய ஏரிப் படிவு. அங்கே ஹூடூ என்று சொல்லும் கல்தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பகலில் உருகிய பனி நீராக வெடிப்பில் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, பாறையைப் பிளக்கிறது. வருடத்தில் பாதி நாளாவது இது நடக்கிறது. அந்த மண்ணின் பையூட் மக்கள், ஹூடூக்களைத் தவறு செய்ததற்காகக் கல்லாக்கப்பட்ட பழங்கால மனிதர்கள் என்று சொல்வார்கள். அந்தி வெளிச்சத்தில் விளிம்பில் நின்று பார்த்தால், கூட்டமாக நின்று நம்மைப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும்.

பாலைவனம்தானே, குளிர் எப்படி?

ஏமாந்துவிடாதீர்கள். பிரைஸ் முகாம் ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. மதியம் அரைக்கைச் சட்டை, இரவு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். எங்களுக்கு அங்கே முதல் இரவு 1 டிகிரிக்குப் போனது, அன்றைக்கென்று ஹீட்டர் நின்றுவிட்டது. வண்டி கொடுத்த இடத்தில் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஹீட்டர் எரிவது புரொப்பேன் கேஸில்தான், ஆனால் காற்றைத் தள்ளும் விசிறி ஓடுவது வண்டியின் உள்பேட்டரியில். அந்தப் பேட்டரி பழையது. சார்ஜ் தாங்காமல் இரவு இரண்டு மணிக்கு விசிறி நின்று, அதோடு ஹீட்டரும் அணைந்தது. ஜெனரேட்டர் போடலாமென்றால் முகாமில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. இருவரும் எல்லாப் போர்வையையும் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே வண்டி எடுக்கும் இடத்திலேயே, கரண்ட் இணைப்பைக் கழற்றச் சொல்லி, பேட்டரியில் மட்டும் ஹீட்டர், விளக்கு, தண்ணீர் பம்ப் மூன்றையும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அவர்கள் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

விடிந்ததும் சன்ரைஸ் பாயின்டுக்கு நடந்து போனோம். அந்தக் குளிரில் கை விறைத்தபடி பார்த்த சூரியோதயத்தை ஹோட்டல் அறையிலிருந்து வந்து பார்த்திருக்க முடியாது.

சமையல் எப்படிச் சமாளித்தீர்கள்?

மூன்று லிட்டர் குக்கர் ஒன்று போதும், அது கட்டாயம் வேண்டும். 8,000 அடியில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். முதல் நாள் பிரைஸில், புழுங்கலரிசியைத் திறந்த பாத்திரத்தில் வைத்தேன். நாற்பது நிமிடம் கொதித்தும், ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது. பருப்பு அதைவிட மோசம். மறுநாள் குக்கரில் வைத்தேன், வழக்கம்போல வெந்தது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சோற்றில் பார்த்தேன்.

தாளிப்பை வண்டிக்கு உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். மிளகாய் கருகினால் புகை அலாரம் அலறும், வாசனை மெத்தையில் ஏறி நான்கு நாள் போகாது. சின்ன கேஸ் அடுப்பு ஒன்று வாங்கி, வெளியே முகாம் மேசையில் தாளியுங்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரவை, அவல் வீட்டிலிருந்தே எடுத்துப் போனோம். தயிர் எந்த ஊரிலும் கிடைத்தது. இட்லி மாவு கொண்டுபோய் ஓட்டத்தில் குலுங்கிப் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்தது. அதை மட்டும் விட்டுவிடுங்கள். சாப்பாட்டை மேசையில் திறந்து வைத்துவிட்டு நகராதீர்கள். அணிலும் அண்டங்காக்கையும் தயாராக இருக்கும். அவற்றுக்கு ஒரு பருக்கைகூடப் போடக்கூடாது என்பது பூங்கா விதி.

ஹைவே 12 பயமாக இருக்குமா?

பிரைஸிலிருந்து கேப்பிட்டல் ரீஃபுக்குப் போகும் அந்தச் சாலைதான் இந்தப் பயணத்திலேயே அழகானது. எஸ்கலான்டே, போல்டர் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவில், ஹாக்பேக் என்ற இடத்தில், முதுகெலும்புபோல ஒடுங்கிய பாறை முகட்டின் மேல் சாலை ஓடுகிறது. இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்புச் சுவர் இல்லை. இவர் அங்கே 25 மைல் வேகத்தில் போனார். பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டோம். காலை நேரமாக, காற்று இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் பயமில்லை. மழை, பனி என்றால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

ஆனால் மோக்கி டக்வே என்ற பெயரைப் பார்த்தால் அந்தப் பக்கமே வண்டியைத் திருப்பாதீர்கள். மண் சாலை, ஆயிரம் அடிக்கு மேல் செங்குத்து இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள். ஜிபிஎஸ் அந்த வழியைக் காட்டினாலும் போகாதீர்கள்.

கேப்பிட்டல் ரீஃபில் அப்படி என்ன இருக்கிறது?

பழத்தோட்டம். சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவில், ஃபிரீமான்ட் ஆற்றங்கரையில், ஃப்ரூட்டா என்று ஓர் இடம். 1880களில் மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் வந்து ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஆப்பிள், பீச், பேரி, ஆப்ரிகாட் வைத்தார்கள். எப்போதும் பத்துக் குடும்பம்போலத்தான் இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள், மரங்களைப் பூங்கா நிர்வாகம் இன்றும் நீர்பாய்ச்சிப் பராமரிக்கிறது. முகாம் அந்தத் தோட்டங்களின் ஓரத்திலேயே இருக்கிறது. பருவத்தில் எந்தத் தோட்டம் திறந்திருக்கிறது என்று பலகை வைத்திருப்பார்கள். உள்ளே போய் நாமே பறிக்கலாம், அங்கேயே நின்று தின்பது இலவசம். எடுத்துக்கொண்டு போவதைத் தராசில் நிறுத்து, காசைப் பெட்டியில் போட வேண்டும். பறிக்க ஏணியும் நீளக் கொக்கியும் சாத்தி வைத்திருக்கிறார்கள். இவர் ஏணியில் ஏறி ஆட்ட, நான் கீழே துண்டை விரித்துப் பிடித்தேன். சாயங்காலம் மான்கள் வந்து, உதிர்ந்து கிடந்ததைத் தின்றன.

ஒரு மைல் தள்ளிப் பாறைச் சுவரில், அந்த மோர்மன்களுக்கும் பல நூறு ஆண்டு முன்பு அங்கே பயிர் செய்து வாழ்ந்த ஃபிரீமான்ட் பண்பாட்டு மக்கள் கொத்திய உருவங்கள் இருக்கின்றன: தலையில் அணி வைத்த மனிதர்கள், கொம்பு சுருண்ட மலையாடுகள். அவர்களும் அதே ஆற்றை நம்பித்தான் மக்காச்சோளம் போட்டார்கள். நூறு மைல் நீளத்துக்கு நிலம் மடிந்து நிற்கிற அந்த வறண்ட நாட்டில் ஓர் ஓடை என்ன செய்யும் என்பதை வேறெங்கும் இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது. 16 நாளில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

மானுமென்ட் வேலியும் தேசியப் பூங்காவா?

இல்லை. அது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் சொந்தப் பூங்கா. தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது, கட்டணம் தனி. உள்ளே 17 மைல் மண் சாலையில் ஆர்வியை விடமாட்டார்கள். அதுவும் நல்லதே: நவஹோ வழிகாட்டியின் ஜீப்பில் போங்கள். நமக்குக் கல்லாகத் தெரிவது அவர்களுக்கு வீடு, உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். நவஹோ நிலத்துக்குள் மது வைத்திருக்கவே கூடாது.

அங்கே ஒரு பெண்மணியிடம் ஃபிரை பிரெட் வாங்கினோம். கையாலேயே தட்டி, எண்ணெயில் போட, பெரிய பட்டூராபோல உப்பி வந்தது. 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை ஊரைவிட்டு நடத்தியே நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோவுக்குக் கொண்டுபோய் அடைத்தது. வழியிலும் அங்கேயும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். ரேஷனாகக் கிடைத்த மாவையும் கொழுப்பையும் வைத்துப் பிறந்தது இந்த ரொட்டி என்று அவர்கள் சொல்கிறார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. இதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். அரிசோனா மாநிலம் கோடைகால நேரமாற்றம் செய்வதில்லை, ஆனால் நவஹோ நிலம் செய்கிறது. சுற்றுலா ஜீப்புக்கு ஒரு மணி நேரம் தவறிப் போகிறவர்கள் பலர்.

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. சயானில் ஷட்டிலின் கடைசி நிறுத்தத்திலிருந்து ஆற்றோரமாக ஒரு மைல் தார்ப்பாதை. பிரைஸில் சன்ரைஸ் பாயின்டிலிருந்து சன்செட் பாயின்டுக்குச் சமதளப் பாதை, வழியில் உட்காரப் பெஞ்சு. ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச்சுக்குப் போக வர மூன்று மைல், 480 அடி ஏற்றம், நிழல் கிடையாது. முட்டி வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம். சாலையோரத்திலிருந்தே தூரத்தில் பார்க்க ஓர் இடம் உண்டு.

கட்டணத்தில் ஒரு மாற்றம். 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டுப் பாஸ் 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டவர், 16 வயதோ அதற்கு மேலோ என்றால், சயான், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

நடக்கும்போது கவனிக்க வேண்டியது?

பாதையை விட்டு இறங்காதீர்கள். செடிகளுக்கு நடுவில் கறுத்து, பொரிந்து, சின்னச் சின்னக் கோபுரங்களாக நிற்கிற மண்ணைக் குனிந்து பாருங்கள். அது உயிருள்ள மண். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இழைகளும் பாசியும் மணலைத் தைத்து வைத்திருக்கின்றன. காற்றில் மணல் பறக்காமல் இருப்பதும், செடிக்குச் சத்து கிடைப்பதும் அதனால்தான். ஒரு காலடியில் நொறுங்கும், மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். படத்துக்காக ஒருவர் அதன்மேல் ஏறி நின்றதைப் பார்த்தோம். நான் போய்ச் சொன்னேன், இறங்கிவிட்டார்.

அடுத்தது வெள்ளம். ஜூலை முதல் செப்டம்பர்வரை மழைக்காலம். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். இருபது மைலுக்கு அப்பால் பெய்த மழை, பாறை இடுக்கு வழியாகச் சேறும் மரமுமாகச் சுவர்போல வரும். 2015 செப்டம்பர் 14 அன்று சயானில் கீஹோல் கேன்யன் என்ற இடுக்கில் இறங்கிய ஏழு பேரும் இறந்தார்கள். பூங்கா அலுவலகத்தில் தினமும் வெள்ள அபாய அளவை ஒட்டியிருப்பார்கள். காலையில் அதைப் பார்க்காமல் எந்தக் குறுகிய பள்ளத்தாக்குக்குள்ளும் இறங்க வேண்டாம்.

அவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு பேரும் சண்டை போடாமல் இருந்தீர்களா?

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் போட்டோம். நான் பின்னால் நின்று "என்னங்க, நிறுத்துங்க" என்று கத்துவேன், ஜெனரேட்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. மூன்றாம் நாள் ஒரு வழி செய்தோம். பேச்சே கிடையாது, கை மட்டும். இரண்டு கையும் மேலே என்றால் நில். நான் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அவர் உடனே பிரேக். அதற்குப் பிறகு சத்தமில்லை. மற்றபடி, இரவில் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். யூட்டாவின் ஐந்து தேசியப் பூங்காக்களும் இருண்ட வானத்துக்காக அங்கீகாரம் பெற்றவை. பால்வெளி தலைக்கு மேல் புகைபோல ஓடும். பிள்ளைகள் படிக்கப் போனபிறகு, இவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசியது இங்கேதான்.

முன்பதிவு எப்போது செய்ய வேண்டும்?

அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளமான recreation.gov-இல், வாட்ச்மேன், ஃப்ரூட்டா, டெவில்ஸ் கார்டன் முகாம்களுக்கு ஆறு மாதம் முன்பாக, யூட்டா நேரம் காலை எட்டு மணிக்குத் திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முதலில் முகாம் தேதிகளைப் பிடியுங்கள், அதற்குப் பிறகு வண்டி. கிடைக்கவில்லை என்றால் மனம் தளராமல் தினமும் திறந்து பாருங்கள். பயணத்துக்கு முந்தைய வாரங்களில் பலர் ரத்து செய்வார்கள். எங்களுக்கு டெவில்ஸ் கார்டனில் இரண்டு இரவு கிடைத்தது, கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்பு, இரவு பதினொன்றரை மணிக்கு இவர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்.